தேறிய செடி

பல வாரங்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைப்புறம் போகிறாள். மருத்துவமனையில் கட்டிவிட்ட அடையாளப் பட்டை மணிக்கட்டில் அப்படியே இருக்கிறது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கணவர் பின்னாலேயே வருகிறார். மாலை வெயில் மதிலைத் தாண்டி, அவள் கத்தரி நட்ட பாத்தியில் சாய்வாக விழுகிறது. பாத்தி துடைத்துவிட்ட தரை மாதிரி இருக்கிறது. நடுவில் ஒரே ஒரு செடி, இடுப்புயரம். பழைய தலையணை உறையைக் கிழித்து, தண்டு நெரியாதபடி செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. "ஒரு களை விடலையே, எல்லாத்தையும் வேரோட பிடுங்கிட்டேன். நீ வச்சதுல இது ஒண்ணுதான் தேறுச்சு. ரெண்டு வேளையும் தண்ணி, தெரியுமா?" என்கிறார் அவர். நகக்கண்களில் மண் கறுத்திருக்கிறது. மதிலோரக் குப்பையில் அவளுடைய கத்தரிக் கன்றுகள் அத்தனையும் சருகாகக் கிடக்கின்றன. செருப்பு நுனியால் ஒன்றைப் புரட்டிப் பார்க்கிறாள். திரும்பி வந்து, நிற்கிற செடியின் இலையைக் கசக்கி முகர்கிறாள். ஊமத்தை. சந்தேகமே இல்லை. தின்றால் ஆளையே கலக்கிவிடும் நஞ்சு, ராஜா மாதிரி நிற்கிறது. உச்சியில் வெள்ளை மொட்டு ஒன்று மடித்த குடை போலச் சுருண்டிருக்கிறது. அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறார். "காய் எப்ப விடும்?" குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் தளர்ந்திருந்த துணி முடிச்சை அவிழ்த்து, இறுக்கிக் கட்டுகிறாள். "சீக்கிரமே காய்க்கும்ங்க. பறிக்கிறதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்க."