பச்சைக் கன்று

கிட்டுயி ஊரில் மழை பொய்த்த வருடம். பள்ளி விடுதி மாணவிகள் ஆளுக்கொரு மரக்கன்று வளர்த்தார்கள். வரிசையில் நின்றால் தினம் தலைக்கு ஒரு கேன் தண்ணீர் மட்டும் கிடைக்கும்.

பள்ளியின் மனநல ஆலோசகர் கவாட்டா, மாணவி சியொம்புவாவை அழைத்தார்.

"உன் கன்னு காஞ்சு கிடக்கே, ஏன்?"

"மறந்துட்டேன் மேடம். கன்னு காஞ்சா கக்கூஸ் கழுவணும், அவ்வளவுதானே? கழுவிடறேன்."

"தண்டனை இல்லம்மா. கன்னு காஞ்சா, வளர்க்கிற பிள்ளைக்கு மனசு சரியில்லன்னு அர்த்தம். அதுக்குத்தான் தினமும் காலைல சுத்திப் பார்க்கறேன். ஒழுங்கா சாப்பிடறியா? தூங்கறியா?"

சியொம்புவா திகைத்தாள். "இதை ஏன் மேடம் எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா, மனசு சரியில்லாட்டியும் எனக்காக ஊத்துவீங்களே! உன் தோழி முத்தேயுவைப் பாரு. அம்மா செத்த துக்கத்துலயும் கன்னை எவ்வளவு பச்சையா வச்சிருக்கா. அவளைப் பத்திக் கவலையே இல்ல."

சியொம்புவா அழுதாள்.

"அவ தண்ணி வரிசைக்கே வர்றதில்ல மேடம். சோத்தை என் தட்டுல தள்ளிடறா. அம்மாகிட்டயே போறேன்னு சொல்றா. தண்டனையாவது கிடைக்காம இருக்கட்டும்னு, என் கேனை அவ கன்னுக்கு ஊத்தினேன்."

கவாட்டாவின் குறிப்பேட்டில், முத்தேயுவின் பெயருக்கு நேரே மூன்று வாரமாக 'நலம்' என்றிருந்தது. அதை மூடக்கூட நிற்காமல் அவர் விடுதிக்கு ஓடினார்.