கலியாணப் போத்தல்

ஸஹ்றா கண்ணாடிப் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணப் பெண்ணுக்கு அந்த நேரத்தில் பார்க்க வேறொன்றும் கிடைக்கவில்லை.

இவளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. என் தம்பி நஸாருக்குத்தான் பிடித்துத் தொலைத்தது.

போத்தல் அவனுடைய யோசனை. டவுனில் அலங்கார மீன் கடை வைத்திருக்கிறான். விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கவென்று செய்திருந்தான். உள்ளே தண்ணீர், கொஞ்சம் பாசி, விரல்நகம் அளவில் இரண்டு இறால். மூடியைப் பசை போட்டு அடைத்தாயிற்று. தீனி போட வேண்டாம், தண்ணீர் மாற்ற வேண்டாம், திறக்கவே வேண்டாம்.

எங்கள் உப்புக்குளம் ஊரே அதிசயப்பட்டது. இவள் மட்டும் பிணத்தைக் கண்டவள் மாதிரிப் பார்க்கிறாள்.

பிணம்தான். ஒரு இறால் அடியில் செத்துக் கிடந்தது. மற்றது அதைக் கொறித்துக்கொண்டிருந்தது.

போத்தலைப் பறித்துக்கொண்டு, பெட்டியிலிருந்து நல்லதாக வேறொன்றை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

உயிருள்ளதை இப்படி அடைத்து வைப்பது பாவமில்லையா என்று கேட்டாள். முசலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள், அந்தத் திமிர். கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகத் தேவையில்லை என்று நஸார் சொன்னபோது மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அதுகள் சத்தம் போடுதா? இல்லத்தானே. அப்ப சந்தோசமாத்தான் இருக்குதுகள்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுடைய வாப்பா அப்துல் றசாக் இரண்டு சாட்சிகளோடு அறைக்குள் வந்தார். நிக்காஹ்வுக்கு முன் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதெல்லாம் ஒப்புக்குத்தான். பெண் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் கேட்டார். இவள் பேசவில்லை. சாட்சிகள் வாசலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"இல்ல வாப்பா. எனக்கு விருப்பமில்ல."

பெரிய சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் விருந்தினர் இருந்த ஹோலில் பேச்சு நின்றுபோனது.

கன்னத்தில் இரண்டு வைக்கத்தான் எழும்பினேன். என் தம்பியை ஊருக்கு முன்னால் நாறடித்துவிட்டாள். பெற்ற வாப்பாவிடம் ஒரு பெண் இப்படியும் சொல்வாளா?

அவர் அவளை ஏசவில்லை. வெளியே போய், கலியாணம் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

செத்த இறால் கிடந்த போத்தல் இன்னும் என் கைக்குள்தான் இருந்தது.

இப்படிச் சொல்லலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

என் வாப்பா என்னிடம் சம்மதம் கேட்க வந்த அன்று, என் பள்ளிக்கூடப் பை கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

நானும் சத்தம் போடவில்லை.