சூரியன் இறங்கினால்தான் டீ

திருடப் போகிற அன்று நோன்பும் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பது, விமானம் சுரபாயாவை விட்டுக் கிளம்பிய பிறகுதான் வார்சித்தோவுக்கு உறைத்தது. நாக்கு வறண்டு கிடந்தது. ஆனாலும் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டான். திருட்டு வேறு, நோன்பு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிற ஆள் இல்லை அவன்.

பக்கத்து இருக்கையில் தங்க வியாபாரி மஸ்துக்கி ஹாஜியார். ஜகார்த்தா கடைக்கான பெருநாள் நகைகளைக் கறுப்புப் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஜன்னலோரம் காவலுக்கு அவருடைய தங்கை மகன். ஆள் பீரோ மாதிரி இருந்தான்.

அந்தப் பை கிடைத்தால்தான் வார்சித்தோ இந்தப் பெருநாளுக்கு ஜகார்த்தா பக்கத்துப் போகோரில் மாமியார் வீட்டு வாசலை மிதிக்க முடியும். சுரபாயாவில் மேனேஜர் என்று அளந்துவிட்டு வருஷக்கணக்காகத் தலைகாட்டவில்லை. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் மகளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துக்கொள்வதாக மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள். சொன்னதைச் செய்கிற மனுஷி.

திட்டம் சுலபமானது. விமானத்தில் வண்டி தள்ளுகிற கிலாங், வார்சித்தோவின் சித்தப்பா மகன். நோன்பு திறக்க எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் பன்னும் வைத்த அட்டைப்பெட்டியும், ஸ்ட்ரா குத்திக் குடிக்கிற ஒரு மல்லிகை டீ பாக்கெட்டும் கொடுப்பார்கள். இரண்டு டீ பாக்கெட்டில் மட்டும் ஊசியால் தூக்க மருந்தை ஏற்றி, அடியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, கிலாங் ஐஸ் பெட்டியின் ஓரத்தில் தனியாக ஒதுக்கியிருந்தான். மாமனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று.

சூரியனைத்தான் அண்ணனும் தம்பியும் கணக்கில் சேர்க்கவில்லை. விமானம் மேற்கே போகிறது. சூரியனும் மேற்கேதான் போகிறது. இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு போனால் பொழுது எங்கே சாயும்?

கொடுத்ததை எல்லாம் மடியில் வைத்துக்கொண்டு மொத்த விமானமும் காத்திருந்தது.

"கீழ சுரபாயாவுல இந்நேரம் பாங்கு சொல்லியிருப்பாங்க. திறந்தா என்ன?" என்றார் முன்வரிசைக்காரர்.

"நீங்க என்ன கீழயா இருக்கீங்க? ஜன்னல்ல பாருங்க, மூஞ்சிக்கு நேரா நிக்குது," என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர்.

கிலாங் அந்தப் பக்கம் வந்தபோது வார்சித்தோ காதோரம் கேட்டான். "எப்படா திறக்கிறது?"

"கேப்டன் சொல்லணும்ணே. அவரும் நோன்புதான்."

மூத்த பணிப்பெண் எண்டாங் அம்மாள் விமானிகளுக்கு டீ எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். கேப்டன் விமானத்தைக் கொஞ்ச நேரம் கிழக்கே திருப்பினால் சட்டென்று இருட்டிவிடுமே என்று வார்சித்தோவுக்குத் தோன்றியது. பசி அப்படி யோசிக்க வைத்தது.

"ரொம்ப வாடிட்டீங்க தம்பி," என்றார் ஹாஜியார். "எங்க கதையும் அதான். பெருநாள் வியாபாரம், ரெண்டு ராத்திரியா நானும் இவனும் கண்ணை மூடல. இந்தாங்க, என் டீயையும் நீங்களே குடிங்க. நோன்பாளிக்குக் கொடுத்தா நன்மை."

வார்சித்தோவுக்குக் குப்பென்று வியர்த்தது. "வேணாம் ஹாஜியாரே. எனக்கு டீ ஒத்துக்காது."

"கையில வச்சிருக்கீங்களே?"

"இது பொண்டாட்டிக்கு."

"அப்ப இதையும் அவங்களுக்கே கொண்டுபோங்க."

"அவளுக்கு ஒண்ணு போதும் ஹாஜியாரே. ரெண்டு குடிச்சா வயித்தால போகும்."

ஒருவழியாக டீயை அவர் கையிலேயே திணித்தான்.

கடைசியில் கேப்டனின் குரல் வந்தது. "பயணிகளே, சூரியன் மறைந்துவிட்டது. நோன்பு திறக்கலாம். நாங்களும் திறக்கிறோம்."

நூறு ஸ்ட்ராக்கள் ஒன்றாகக் குத்தின. மாமனும் மருமகனும் பாக்கெட் சுருங்கும்வரை உறிஞ்சினார்கள். ஒத்துக்காது என்று சொல்லித் தொலைத்த பாவத்துக்கு, வார்சித்தோ தன் டீயைப் பார்த்துக்கொண்டே பேரீச்சம்பழத்தை மென்று முழுங்கினான்.

சற்று நேரத்தில் ஹாஜியாரின் தலை அவன் தோளில் சாய்ந்தது. மருமகனின் நெற்றி ஜன்னலில் இடித்தது. இரண்டு பேரும் குறட்டை. மருந்தென்றால் இதுவல்லவா மருந்து என்று வார்சித்தோ மெச்சிக்கொண்டான். பையை நைசாக உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டான். மாமியாரின் முகம் மனதில் வந்தது. அது சிரிக்கக்கூடச் செய்தது.

இனி இறங்க வேண்டியதுதான் பாக்கி. ஜன்னல் வழியே ஜகார்த்தாவின் விளக்குகள் தெரிந்தன, பிறகு பின்னால் போய்விட்டன. பெருநாள் நெரிசல், ஆகாயத்திலும் வரிசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கிலாங் காலி பாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். ஹாஜியாருடையதைத் திருப்பிப் பார்த்தான். மருமகனுடையதையும் பார்த்தான். முகம் வெளுத்து முன்பக்கம் ஓடினான். திரும்பி வந்து வார்சித்தோவின் காலடியில் குந்தினான்.

"அண்ணே, பையை அவர் மடியிலயே வச்சிடுங்க."

"ஏன்டா? மருந்து ஆளை அடிச்சுப் போட்டிருக்கு, பாரு."

"இவங்க அசதியில தூங்குறாங்கண்ணே. இதுல புள்ளியே இல்ல. நான் வச்ச ரெண்டும் நல்லா குளிர்ந்திருக்குன்னு எண்டாங் மேடம் முன்னாடியே எடுத்துக்கிட்டு, அந்த இடத்துல வேற ரெண்டை வச்சிருக்காங்க."

"எடுத்து யாருக்குடா கொடுத்தாங்க?"



"கேப்டனுக்கும் துணைக் கேப்டனுக்கும்ணே. மேடம் கதவைத் தட்டிக்கிட்டே இருக்காங்க, உள்ளேருந்து குறட்டைச் சத்தம்தான் வருது."