முன்சீட்டுத் தூக்கம்

“நாளைக்கு ஆபரேஷன் உங்களுக்கா, அவங்களுக்கா?”

மயக்க மருந்து டாக்டர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் பக்கத்தில் நின்ற மகளுக்கு மானம் போயிற்று.

பித்தப்பையில் கல் அம்மாவுக்கு. கேள்வியும் அம்மாவுக்கு. பதில் மட்டும் அப்பாவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. அலர்ஜி? “கிடையாதுங்க.” கட்டின பல் ஏதாவது? “எல்லாமே சொந்தப் பல்லுதான் டாக்டர்.” அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, தன் பல்லைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரித் தலையாட்டினாள்.

“புகை பிடிக்கிற பழக்கம்?”

“எனக்கா?” அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“எல்லாரையும் கேக்கறதுதாம்மா. பிடிக்கிறவங்களுக்கு மயக்கம் தெளிஞ்சதும் வாந்தி கொஞ்சம் கம்மியா வரும். அதுக்காக இன்னைக்கே ஆரம்பிச்சுடாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போனார். “பஸ்ல, கார்ல போனா குமட்டல், வாந்தி வருமா?”

“வரவே வராது,” அப்பா முந்திக்கொண்டார். “எத்தனை வருஷமா என் கார்ல வர்றா! ஏறினதும் தூங்கிடுவா.” அதில் ஒரு பெருமை வேறு.

“அவங்க சொல்லட்டும் சார். பயணத்துல வாந்தி வர்றவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறமும் வர வாய்ப்பு அதிகம். வயித்துல தையலோட ஓங்கரிச்சா வலி உயிர் போயிடும். முன்கூட்டியே தெரிஞ்சா, மயக்கத்துல இருக்கும்போதே அதுக்கு மருந்து குடுத்துடலாம்.”

அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்னங்க, தொண்டை வறண்டு போச்சு. கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வர்றீங்களா?”

அப்பா ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கதவு மூடியதும் அம்மா சொன்னாள்.

“வரும் டாக்டர். சின்ன வயசுலேயே அப்படித்தான். வண்டி கிளம்பினாலே குடலைப் புரட்டும்.”

“அப்ப நம்ம கார்ல?” மகள் கேட்டாள்.

“ஏறுறதுக்கு முன்னாடி மாத்திரை போட்டுக்குவேன். அதான் தூக்கம்.”

மகளுக்கு அந்தப் பழைய கார் கண்முன்னால் வந்து நின்றது. வெயிலில் காய்ந்த சீட்டின் வாசனை, இரண்டு கையாலும் சுற்றினால்தான் இறங்கும் கண்ணாடி. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கை காய்வதற்குள் அப்பா வாசலில் ஹாரன் அடிப்பார். அம்மா பாதி வழி வந்து, “கேஸை மூடினேனான்னு பார்த்துட்டு வந்துடறேன்” என்று திரும்ப உள்ளே ஓடுவாள். வாராவாரம் மூடாத கேஸ்! அப்பா கிண்டல் பண்ணித் தீர்ப்பார்.

ஏரிக்கரை வருவதற்குள் அம்மாவின் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். அப்புறம் காரில் வாயைத் திறக்கக் கூடாது, பாட்டுக் கூடாது. பின்சீட்டில் இவள் ஒரு வார்த்தை பேசினாலும் அப்பா “உஷ்” என்பார். தெருமுனை வந்தாலும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போய்க்கொண்டே இருப்பார். இவள் அன்றைக்கு முணுமுணுத்துக்கொண்டுதான் போனாள். இன்றைக்கு அப்படி ஒரு ஞாயிறு கிடைத்தால், என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள்.

“நல்லவேளை சொன்னீங்க. கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்று டாக்டர் அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

“இத்தனை வருஷமாவா? ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்றதுக்கு என்னம்மா?”

“கார் வாங்கின அன்னைக்கு எனக்காகக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னாருடி. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்ல? ஓட்டறதுல அவருக்கு அவ்வளவு ஆசை. நீயும் மூச்சு விடாதே.”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷரின் கார் பைத்தியத்துக்காக இன்னொருத்தி காலமெல்லாம் மாத்திரை விழுங்குவதா? விடுவிடுவென்று வெளியே போனாள்.

அப்பா வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கார் மேலே வைத்துவிட்டு, முன்சீட்டைப் பின்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா பண்றீங்க?”

“டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது அம்மா சாஞ்சுக்க வசதியா இருக்கணும்ல? நேரா வீட்டுக்குப் போகாம, மெதுவா ஒரு சுத்து சுத்திட்டுப் போகலாம்னு இருக்கேன்.”

“போதும்ப்பா! உங்க ஆசைக்காக அம்மாவை இழுத்துக்கிட்டுச் சுத்தினது போதும். இனிமேலாவது விட்டுடுங்க.”

அப்பா சீட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“என் ஆசையா? எனக்கு ஓட்டறதுன்னாலே பயம்மா. எதிர்ல லாரி வந்தா இன்னைக்கும் ஓரமா ஒதுங்கி நின்னுடுவேன். வீட்டுல உங்கம்மாவை யாரு தூங்க விட்டாங்க? ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ நிம்மதியாத் தூங்கி நான் பார்த்தது, கார்ல மட்டும்தான்.”