பல்லில்லாத வாடிக்கையாளர்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் இப்போது இல்லை. ரேடியோ இரண்டு வாரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. நீங்கள் இரண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?

ரேடியோ என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பெண். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவதால் அந்தப் பட்டம். அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அக்காவின் கணவர், அதாவது அத்தான், பல்செட் செய்கிறவர். பகலெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் கட்டுவார். வீட்டுக்கு வந்தால் பிளாக்ஸ் கட்டுவார், குழந்தைகள் ஒன்றோடொன்று மாட்டி விளையாடும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுகள்தான்.

வயசு நாற்பத்திரண்டு. பிளாக்ஸ் பொம்மைகள் நடிக்கும் சினிமா வந்தால் முதல் நாளே போய்விடுவார். கதாநாயகனைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போடும் கட்டத்தில் கர்ச்சீப்பை எடுப்பார். போன தடவை முன் சீட்டுக் குழந்தை திரும்பி, "அழாதீங்க அங்கிள், மறுபடி மாட்டிடுவாங்க" என்று தேற்றியது.

அவருடைய பெருமையெல்லாம் கட்டைவிரல் உயரப் பொம்மைகள்தான். கடையில் கிடைக்காத முகங்களை ஒற்றை முடித் தூரிகையால் அவரே வரைவார். ஒரு தலைக்கு முன்னால் ஒரு முகம், பின்னால் ஒரு முகம். பின்முகத்தைப் பொம்மையின் முடி மறைத்துக்கொள்ளும். முடியைக் கழற்றித் தலையைத் திருப்பினால் ஆள் மாறிவிடுவான்.

இந்த மாதிரி ஆட்கள் கூடுவதற்கு வருஷா வருஷம் ஒரு மாநாடு வேறு. கொடியும் கோஷமும்தான் பாக்கி என்பாள் அக்கா. அங்கே தனக்கென்று ஒரு மேஜை போட வேண்டும் என்று அத்தான் மூன்று வருஷமாகத் துடிக்கிறார். ஒருவராவது ஆர்டர் கொடுத்திருந்தால்தான் மேஜை. அத்தானிடம் ஈ காக்கை கேட்டதில்லை.

இந்த நிலையில் ஒரு காலை, அக்கா வெறுங்காலால் ஒரு பிளாக்கை மிதித்தாள். மிதித்தவர்களுக்குத்தான் தெரியும். இந்த வருஷமும் மேஜை இல்லையென்றால் அத்தனை டப்பாவும் பரணுக்குப் போகும் என்று தீர்ப்பு வந்தது. அத்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சரி என்றார்.

ரேடியோவுக்கு நாக்கு அரித்தது. தோழியின் போனை வாங்கி அத்தானைக் கூப்பிட்டாள்.

"பொம்மை கழ்ழுற தம்பியா? தப்பா நினைக்காதீங்க தம்பி. தாத்தாவுக்கு வாயில ஒரு பல்லு கூழ இல்ல."

சொல்லுங்க ஐயா என்றார் அத்தான்.

"ஏமாந்தவன் முகம் ஒண்ணு வேணும். ஆனா, தான் ஏமாந்தது அவனுக்கே இன்னும் தெரியக் கூழாது. மாநாழ்ழுல வந்து வாங்கிக்கறேன்."

அந்தப் பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கே ஆரம்பித்துவிடுகிறேன் ஐயா என்றார்.

மேஜை கிடைத்துவிட்டது.

ரேடியோவின் திட்டம் சுத்தமானது. மாநாட்டில் அத்தான் பொம்மையும் கையுமாக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் அதே பொக்கைவாய்க் குரலில் போய்க் கேட்பாள். ஏமாந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கே ஒரு கண்ணாடியைக் காட்டுவாள்.

ஆனால் இந்த மனிதர் தினமும் வேலைக்குப் போகுமுன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். ஐயா வந்தால் உட்காரட்டும் என்று மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்து வைத்தார். பரணுக்கு அனுப்புவேன் என்ற அக்காவே மேஜை விரிப்புக்குக் கரை தைத்தாள்.

மூன்றாம் நாள் ரேடியோவுக்குத் தோசை இறங்கவில்லை.

"அத்தான், ஒருவேளை அந்தத் தாத்தா வராமப் போயிட்டா?"

"வருவார். குரல்லயே ஒரு நேர்மை இருந்துச்சு."

மாநாட்டு நாள். பக்கத்து மேஜையில் ஆள் உயர ரயில் நிலையம் கட்டியிருந்தார்கள். அத்தான் மேஜையில் இருபது பொம்மைகள், நடுவில் மூடிய சின்னப் பெட்டி. கூட்டம் நின்றது, குனிந்தது, தலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மத்தியானத்துக்குள் நாலு பேர் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் நரைத்த தலை ஒன்று கடந்து போனால் போதும், அத்தான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

ஆறாவது நரைத்தலை கடந்ததும் ரேடியோவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அத்தான், தாத்தா வரமாட்டார். அது வந்து..."

"வந்தாச்சே" என்று பெட்டியை அவளிடம் நீட்டினார் அத்தான்.

உள்ளே ஒரு பொம்மை. இரட்டைச் சடை. முன்பல் இடைவெளி தெரிய, உலகத்தையே ஏமாற்றிவிட்ட இளிப்பு. அந்த இடைவெளியை ரேடியோ தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள்.

"பல்லில்லாதவங்களுக்கு 'ட' நல்லாவே வரும். 'த'தான் வராது. உங்க தாத்தா 'ட'வை முழுங்கிட்டு 'தம்பி, தம்பி'ன்னு கணீர்னு சொன்னார். பதினெட்டு வருஷமா பல் கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் பொய் ஆர்டரைக் காட்டியா மேஜை வாங்கினார்? அத்தான் விண்ணப்ப நகலை எடுத்துக் காட்டினார். ஆர்டர் கொடுத்தவர்: என் மச்சினி. குரல்: தற்காலிகமாகத் தாத்தா.

"கேட்டது நீ. செஞ்சது நான். இதுல பொய் எங்க இருக்கு? எனக்கு வந்த முதல் ஆர்டர் அது." மடக்கு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "உட்காருங்க ஐயா. தலையைத் திருப்பிப் பாருங்க."

அக்கா அதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்திருந்தாள். ரேடியோ பொம்மையின் முடியைக் கழற்றித் தலையைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் அதே பெண், வாயைப் பிளந்துகொண்டு, இந்த நிமிஷம் ரேடியோ எப்படி முழித்தாளோ அச்சு அசலாக அப்படியே முழித்தாள்.