கயிற்றின் மறுமுனை

இமயத்தில் விழுந்து பிழைத்தவர்கள்கூட கௌதமன் சாரைப் போல அந்த விபத்தை விவரிக்க முடியாது. சார் ஏறிய அதிகபட்ச உயரம் மரக்காணத்து உப்புக் குவியல்.

பள்ளத்தில் தொங்கும் மலையேறியின் கதையைச் சொல்லித்தான் உப்பளப் பெண்களுக்கு அவர் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். குவியலுக்கு அந்தப் பக்கம் கயிற்றை வீசிவிட்டு, "ஹோல்டு ஆன்" என்று கத்திக்கொண்டே எல்லோரும் இழுக்க வேண்டும்.

அன்று கயிறு கனத்தது. இழுத்த வரைக்கும் அதில் பனி ஒட்டியிருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசியது.

"சார் இங்க நின்னுக்கினே அங்க பேசுறாரு பாரேன்" என்று அமராவதி வியந்தாள்.

ஜான்சி குவியல்மேல் ஏறிப் பார்த்தாள். "அந்தாண்ட ஆளே இல்ல சார்."

குரல் மறுபடியும் அதையே சொன்னது.

"இழுக்கச் சொல்றாரா, விடச் சொல்றாரா சார்?"

கயிற்றை விடாமல் எல்லோரும் சாரை பக்தியோடு பார்த்தார்கள்.

சாருக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை.