கைதட்டும் கக்கூஸ்

இரண்டரை வயது ஆதிரைக்காக அந்த மஞ்சள் நிறக் குட்டிக் கக்கூஸை வாங்கி வந்தவன் அவள் அப்பா பிரசன்னா. குழந்தை உட்கார்ந்தால் அது பெற்ற தாயின் குரலிலேயே பாடிக் கொஞ்சும். காரியம் முடிந்தால் கைதட்டும். அந்தக் குரலுக்காக அம்மா நிவேதிதா மூன்று நிமிடம் அதனிடம் பேசிப் பதிந்து கொடுத்திருந்தாள். வேலை முடிந்து களைத்து வரும் அவளைப் போல அது ஒருநாளும் குழந்தையிடம் எரிந்து விழுந்ததில்லை.

பத்தே நாளில் டயபர் ஒழிந்தது. குழந்தை மூத்திரம் போனதற்கு உறவினர் குழுவில் நாற்பது பேர் வாழ்த்து அனுப்பினார்கள். பிரசன்னா ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான், ஏதோ அவனே போனதைப் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரை பால்கனியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். நிவேதிதா கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். அழுதபடி எழுந்த குழந்தை அவளைத் தாண்டி ஓடி, போட்டிருந்த ஜட்டியோடு கக்கூஸில் ஏறி உட்கார்ந்தது.

"என் தங்கமே! என் சமத்துக்குட்டி!" என்றது கக்கூஸ், நிவேதிதாவின் குரலில். அழுகை நின்றது.

"பாத்தியா, நாம சொல்லாமலே போய் உக்காந்துட்டா!" என்று பிரசன்னா பூரித்தான்.

நிவேதிதா பஞ்சும் மருந்துமாய் மகள் முன்னால் மண்டியிட்டாள். "ரொம்ப வலிக்குதாடா? அம்மாகிட்ட வா."

குழந்தை உதட்டில் விரல் வைத்தது. "உஷ்! அம்மா பேசுறாங்க."

மருந்து போட்டு முடிக்கும்வரை நிவேதிதா வாயே திறக்கவில்லை. அவள் குரல் மட்டும் கொஞ்சிக்கொண்டே இருந்தது.